அக்கா மகனுக்குக் காட்டிய அட்டை

இருபத்திரண்டு வருடம் ரக்பி ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் இசிரேலி. அந்தத் தீவின் ரேவா ஆற்றில் இரண்டு கரையிலும் அவர் தீர்ப்பை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவருடைய அப்பாவும் நடுவர்தான். "நம்ம வீட்டு விசிலுக்கு ரெண்டு சத்தம் கிடையாது" என்பார். அந்த நல்ல பெயரைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு பெருமை இல்லை, வேண்டியும் இருக்கவில்லை.

இறுதிப் போட்டியில் அக்கா மெரேயோனியின் மகன் தனியேலா இக்கரை அணியில் ஆடுகிறான் என்று தெரிந்ததும் அவர் விலகியிருக்கலாம். விலகினால் தன் நேர்மையில் தனக்கே சந்தேகம் என்றாகிவிடும். விலகவில்லை.

பதினான்காவது நிமிடம். தனியேலா அக்கரை ஆட்டக்காரன் ஒருவனை இடுப்போடு தூக்கித் தலைகீழாகத் தரையில் போட்டான். சட்டம் தெளிவாக இருக்கிறது. தலை முதலில் தரையில் பட்டால் சிவப்பு அட்டை. ஆட்டம் முடியும்வரை வெளியே. இசிரேலி சட்டைப் பைக்குள் கை விட்டார். சிவப்பு, மஞ்சள் இரண்டு அட்டைகளும் விரலில் பட்டன.

"மாமா," என்றான் தனியேலா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஃபைனல் மாமா."

அக்கா மகன் வாய்விட்டுக் கேட்டதைத் தாய்மாமன் இல்லையென்று சொல்வது அந்தக் கரையில் வழக்கமில்லை. போன வருடம் இவர் வளர்த்த பன்றியை அவன் கேட்காமலே அவிழ்த்துக்கொண்டு போனான். இவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கயிற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

விழுந்தவன் கழுத்தைத் தேய்த்தபடி எழுந்துகொண்டான். இசிரேலிக்கு அது போதுமானதாக இருந்தது. மஞ்சள் அட்டையைக் காட்டினார். பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு வரலாம்.

அக்கரை அணித் தலைவன் அபெனிசா பக்கத்தில் வந்தான். "இதுக்கு மஞ்சள்தானாய்யா?"

"எந்திரிச்சுட்டான்ல."

"சரிங்கய்யா. எங்க பசங்ககிட்டயும் சொல்லிடறேன், இன்னைக்கு ரேட்டு இதுதான்னு."

ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது, பந்தோடு ஓடிவந்த தனியேலாவை சகரையா என்ற அக்கரைப் பையன் தூக்கினான். அதே தூக்கு, அதே தலைகீழ். தனியேலா எழுந்திருக்கவில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மைதானம் முழுவதும் இசிரேலியின் கையைப் பார்த்தது. சிவப்பைக் காட்டினால் சொந்த ரத்தத்துக்கு ஒரு நியாயம், அக்கரைக்கு ஒரு நியாயம் என்றாகும். அபெனிசா வந்து சகரையாவின் பக்கத்தில் நின்றான். கோட்டுக்கு வெளியே மெரேயோனி நின்றுகொண்டிருந்தாள்.

இசிரேலி மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

கழுத்துக்குக் கீழே தனியேலாவுக்கு உணர்வு திரும்பவில்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரட்டும் என்று நான்கு மாதம் காத்திருந்து அக்கரைக்காரர்கள், அந்த ஊர் வழக்கப்படி காணிக்கையாகத் திமிங்கிலப் பல்லோடு மன்னிப்புக் கேட்க வந்தார்கள். வாசலை ஒட்டித் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். சகரையா எல்லோருக்கும் பின்னால் இருந்தான்.

பாயின் மேல்புறம், அடிபட்டவன் பக்கத்தில் தாய்மாமனுக்கு இடம் விட்டிருந்தார்கள். இசிரேலி அதைத் தாண்டி நடந்துபோய் சகரையாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒன் எடம் இங்க," என்றாள் மெரேயோனி.

"இல்லக்கா. இதான் என் எடம்."

தனியேலாவின் பெரியப்பா பல்லை இரு கையாலும் வாங்கினார். "மன்னிச்சாச்சு. வந்தவங்க எல்லாரும் நிமிந்து உக்காருங்க," என்றார். சகரையா அழுதுகொண்டே நிமிர்ந்தான்.

படுக்கையிலிருந்து தனியேலா கூப்பிட்டான். "மாமா."

"சொல்லுப்பா."

"அன்னைக்கு எனக்குச் செவப்பு காட்டியிருந்தா நான் வெளியதானே ஒக்காந்திருப்பேன்."

"ஆமாப்பா."

"நான் என்ன கேட்டாலும் குடுத்துருவீங்களா மாமா?" அவன் சிரிக்கப் பார்த்தான்.

அந்த வீட்டில் நிமிராமல் உட்கார்ந்திருந்தது இசிரேலி ஒருவர்தான்.