இடது தோள்

நெல்லித்தோப்பில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்குச் சாவுக்காரர்கள் வந்தால் மற்ற வேலைகள் அப்படியே நிற்கும். கல்யாணக்காரர் காத்திருப்பார். கட்சிக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார். அன்று காலை கறுப்புச் சுடிதாரில் வந்த பெண் தன் பெயர் கிளோதின் என்றாள். தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும், பாரீஸிலிருந்து உடல் நாளைக்கு வருகிறது என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினாள்.

எந்தப் படத்தைத் திறந்தாலும் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னணி என்ன, பெரிதாக்கினால் தாங்குமா, இவைதான் கண்ணில் படும். தொழில் புத்தி. அன்றும் முதலில் நீலப் படகின் விளிம்பைத்தான் பார்த்தேன். வைத்திக்குப்பத்துப் படகு. பிறகு இடது தோளில் ஒரு கை, விரலில் மீன் போட்ட வெள்ளி மோதிரம். அந்த மோதிரம் இப்போது மவுஸைப் பிடித்த என் விரலில் இருந்தது. அதற்கும் பிறகுதான் தியரியின் முகம்.

அவன் செத்துப்போனது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

"ஹார்ட் அட்டாக்குங்க. சாவுற வயசா இது?" என்றாள் கிளோதின். "இதுலதான் நல்லா சிரிச்சிருக்கான். அவன் போன்ல இருந்துச்சுன்னு அங்கருந்து அனுப்பினாங்க. பக்கத்துல நின்னவங்கள வெட்டிட்டான் போல. இந்தக் கைய மட்டும் எடுத்துடுங்க."

"யாரு கைங்க?" கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

"தெரியல. ஃப்ரெண்டு யாராச்சும் இருக்கும்."

அவர்களுடையது சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைத்தான் கட்டவேண்டும் என்றார்கள், தியரியும் கட்டிக்கொண்டு விமானம் ஏறினான். என்னை வெட்டியது சரி. மிச்சத்தை ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தான், படுபாவி? பறிகொடுத்தவள் எதிரில் நிற்கும்போது கடைக்காரி அழுதால் என்ன காரணம் சொல்வது?

வேலையைப் பார்த்தேன். பார்வை முதலில் விழவேண்டியதைப் பெரிதாக வை, உறவுள்ளவற்றை அருகருகே வை, சுற்றிலும் மூச்சுவிட இடம் விடு என்று டிசைன் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். கடைசி விதி மட்டும் நம்மூரில் செல்லாது. காலி இடத்தைப் பார்த்தால் ஒரு ரோஜாவோ புறாவோ வைக்கச் சொல்லாமல் விடமாட்டார்கள். தியரியை நடுவில் வைத்தேன். கீழே வருந்துவோர் வரிசை. நெருங்கிய உறவுக்குப் பெரிய வட்டம், தூரத்து உறவுக்குச் சின்னது. மனைவி சபின், அம்மா, அக்கா, மாமா என்று எல்லோரையும் பிசகாமல் ஒரே கோட்டில் நிறுத்தினேன். மனைவி அழகாகத்தான் இருந்தாள். வரிசையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

"அங்க ஒரு மெழுகுவத்தி வச்சுடுங்க," என்றாள் கிளோதின். வைத்தேன்.

இனி கைதான் பாக்கி. வலது தோளிலிருந்து சட்டைத் துணியைப் பிரதியெடுத்து இடது தோளை மூடினேன். சுண்டுவிரல் முதலில் போயிற்று. மோதிரத்தைக் கடைசிவரை விட்டுவைத்து, அதையும் மூடினேன். ஆனால் கை அழுத்திய இடத்தில் சட்டை கசங்கியிருந்தது. அதை நிரவ ஒரு நொடி போதும். என்னால் முடியவில்லை.

கிளோதின் திரையருகே குனிந்தாள். "இங்க என்ன, கசங்கினாப்ல இருக்கு?"

"போட்டோவுலயே அப்படித்தாங்க இருக்கு."

"அயர்ன் பண்ணாத சட்டைய அவன் போடவே மாட்டானே."

திரையில் அந்த மடிப்பை விரலால் தடவினாள். நிமிரும்போது அவள் பார்வை மவுஸின் மேலிருந்த மோதிரத்தில் விழுந்து அங்கேயே நின்றது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

உள்ளே பிரிண்டர் யாருடைய கல்யாணத்தையோ அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த மெழுகுவத்திய எடுத்துடுங்க," என்றாள். "அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

எடுத்தேன். சபினில் தொடங்கிய வரிசையின் கடைசியில், ஒரு வட்டம் கொள்ளுமளவு வெள்ளை.