ஏழாம் எண்ணில் ஆள் இருக்கு

ஒன்றுமே இல்லாமல் வாழ்வதற்கு எவ்வளவு சாமான் வேண்டும் என்பது எங்கள் கராஜைப் பார்த்தால் தெரியும். மடக்கு அடுப்பு, மடக்கு ரம்பம், மடக்கு நாற்காலி, பாத்திரம் கழுவ மடக்குத் தொட்டி, காற்றின் எடைகூட இல்லாத ஒரு டைட்டானியம் கரண்டி. இவை எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. என் கார் மழையில் நனைகிறது.

என் வீட்டுக்காரர் வெண்டலுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற முகாம் ஆகாது. கரண்ட் இருந்தால் அது முகாமே இல்லை, ஓட்டல். ஒரு குழிக் கக்கூஸ், ஒரு மரமேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், மற்றபடி மலையும் ஆறும். இவ்வளவுதான் இருக்க வேண்டும். டிராக்டர் உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றே வாழ்நாளைக் கழித்த மனிதர், ஜூலை விடுமுறை வந்தால் ஆதிவாசியாகிவிடுவார். நானும் கூடவே ஆகித் தொலைக்க வேண்டும்.

நாங்கள் போவது ஐடஹோ மலைக்குள் சால்மன் ஆற்றோரம் இருக்கிற லாஸ்ட் மியூல் முகாம். எந்தக் காலத்திலோ யாருடைய கோவேறு கழுதையோ அங்கே காணாமல் போனதால் அந்தப் பெயராம். காணாமல் போகவில்லை, தப்பித்தது என்பது என் கட்சி. அங்கே முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். ஆற்றை ஒட்டி நிழலோடு இருக்கிற இடங்கள் ஏழும் எட்டும்தான். மற்றதெல்லாம் புழுதியும் கக்கூஸ் வாடையும்.

முதலில் வருவது என்றால் என்ன என்பதில்தான் எங்கள் ஆட்களின் மூளை வேலை செய்கிறது. நீங்கள் வர வேண்டியதில்லை. உங்கள் கூடாரம் வந்தால் போதும். வாரத் தொடக்கத்திலேயே ஒருநாள் போய் மலிவான கூடாரம் ஒன்றை நட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, மெத்தையில் படுத்துத் தூங்கி, வெள்ளிக்கிழமை சாவகாசமாகப் போகலாம். ஆளில்லாமல் கூடாரத்தை விட்டுப் போகக் கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. ஈரத் துண்டு காயப்போட அதைவிட நல்ல இடம் அந்த முகாமில் இல்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். என் நிலம், என் துப்பாக்கி, அரசாங்கம் யார் என்னைக் கேட்க என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் அத்தனை பேரும், காற்றில் படபடக்கிற ஒரு காலிக் கூடாரத்தைக் கண்டால் தேவாலயத்துக்குள் நுழைந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கூடாரம் நின்றால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தொட்டவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் வெண்டலுக்கு அந்த இடம் வெறும் வீம்புக்காக வேண்டியிருக்கவில்லை. எங்கள் மகள் கெல்சி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளும் அவள் புருஷன் டேரினும் காருக்குப் பின்னால் இழுத்து வருகிற, ஹீட்டரும் கட்டிலும் வைத்த ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அதே முகாமுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? பத்துப் பேர் பார்க்க வண்டியைச் சுற்றி வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா டேரின், லிஃப்ட் எந்தப் பக்கம்? ராத்திரி குளிருச்சுன்னா யாரைக் கூப்பிடணும், ரூம் பாயையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டேரினும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தான். அன்றைக்கே வண்டி மலையிறங்கியது. மன்னிப்புக் கேளுங்கள் என்று கெல்சி போனில் கேட்டதற்கு, "தமாஷு தெரியாத பயலா இருக்கானே," என்றார் இவர். அதோடு சரி. அவளுக்கு ஹேஸல் பிறந்தாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இவர் தாத்தாவானது படத்தில் மட்டும்தான். அந்தப் படத்தை டிராக்டர் விலைப்பட்டியலுக்கு நடுவே ஒளித்து வைத்துப் பார்ப்பார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

இந்த வசந்தத்தில் கெல்சியே போன் செய்தாள்.

"அம்மா, இந்த வருஷம் வர்றோம். வண்டி கிண்டி இல்ல, கூடாரம்தான். அப்பா சொல்ற மாதிரியே. ஆனா அவரு டேரின்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். இதுவும் இல்லன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

இதைச் சொன்னதும் வெண்டல், "பாக்கலாம்," என்று எழுந்து கராஜுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், புல்வெட்டும் மெஷினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே கிளம்பிப் போய், கழிவு விலையில் வாங்கிய இரண்டு சாம்பல் நிறக் கூடாரங்களை ஏழிலும் எட்டிலும் நட்டுவிட்டு வந்தார். ஏழு எங்களுக்கு, எட்டு அவர்களுக்கு. உண்மையான கூடாரம் கராஜிலேயே இருந்தது. "நல்ல சாமானை ஆளில்லாத காட்டுல எவனாவது விட்டுட்டு வருவானா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். முகாம் நிரம்பி வழிந்தது, கூடாரங்களால். மனுஷ நடமாட்டமே இல்லை. அதே கடை, அதே கழிவு விலை போல, எல்லாம் அதே சாம்பல் நிறம். ஆற்றுச் சத்தத்தைத் தவிர ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"பாத்தியா மேவிஸ்? ஃபுல்லு!" என்றார் வெண்டல் பெருமையாக. "நான் மட்டும் செவ்வாக்கிழமை வராம இருந்திருந்தா?"

"ஆமாமா. ஆளே இல்லாத ஊர்ல இடம் கிடைக்காம திண்டாடியிருப்போம்."

காதில் விழாத மாதிரி விறகை இறக்கினார். அன்றைக்கு அவர் உழைத்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டாம் எண் இடத்தில் கல் பொறுக்கித் தரையைச் சமப்படுத்தினார். குழந்தைக்கென்று வாங்கிய குட்டி மடக்கு நாற்காலியை மேசைப் பக்கம் போட்டார், நிழல் நகர நகர அதையும் நகர்த்தினார். விறகு பிளக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் உதடு அசைந்தது. "டேரின், அன்னைக்கு நான் பேசினது தப்பு." டக். "டேரின், நான் பேசினது தப்பு." டக். ஐந்தாறு கட்டை போனபின் குரல் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் ஆக ஆக வண்டிகள் வந்து வட்டமடிக்க ஆரம்பித்தன. இடம் தேடுகிறவர்கள். வெண்டல் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டாம் எண்ணின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வண்டி நின்றது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன.

"சார், இங்க ஆள் இருக்காங்களா?"

"கூடாரம் தெரியலையா? ஆள் வருது."

"ஒரே ராத்திரிதான் சார். ஓரமா…"

"வருதுன்னு சொல்றேன்ல!"

வண்டி போய்விட்டது. "அந்தப் புள்ளைங்க மூஞ்சியைப் பாத்தியா, கல்நெஞ்சுக்காரா?" என்றேன்.

"என் பேத்தி வந்து எங்க படுக்கும்? அதைச் சொல்லு மொதல்ல."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கெல்சி வரவில்லை. போனில் சிக்னல் என்ற பேச்சே அங்கே கிடையாது. அது இல்லாததும் முகாமின் பெருமைகளில் ஒன்று.

அப்போதுதான் மூன்றாம் எண்ணிலிருந்து ஆர்லோ என்பவர் ட்ரவுட் மீன் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த முகாமில் வாரம் முழுக்க உண்மையாகவே படுத்துத் தூங்குகிற ஒரே பிராணி அவர்தான். மீன்பிடிக்க இரண்டு வருஷமாகத்தான் வருகிறார். செவ்வாய்க்கிழமை வெண்டல் அவரிடம், கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"உன் எடத்தைக் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டேன் வெண்டல்," என்றார் ஆர்லோ. "நேத்து ஒரு பொண்ணு ஏழுல காலை வச்சுடுச்சு. விடுவேனா?"

"அப்படிப் போடு!" என்றார் வெண்டல்.

"நல்ல மழை. பச்சைக் கார். பொண்ணு, புருஷன், ஒரு பாப்பா. பாப்பாவுக்கு உன்னை மாதிரியே செம்பட்டை மண்டை. சுத்திச் சுத்தி வந்தாங்க. ‘ஐயா, இதுல ஆளே இல்லயே, ஒண்ணை மட்டும் தள்ளி வச்சுக்கலாமா’ன்னு கேட்டுச்சு. கூடாரம் நின்னா ஆள் இருக்கான்னு அர்த்தம்மா, கையை வைக்காதேன்னுட்டேன்."

என் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தேன். வெண்டல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

"எதுக்கு அவ்வளவு அவசரம்னு கேட்டேன்," என்று ஆர்லோ தொடர்ந்தார். "அவங்கப்பா நாளைக்கு வர்றாராம். அவருக்கு ஆத்தோரம்னா உசுராம். அதான் ஒரு நாள் முன்னாலயே வந்து, தானே படுத்து, முறையா எடம் புடிச்சு வைக்கலாம்னு வந்துச்சாம். ‘எங்கப்பா நிஜமான கேம்ப்பர். இந்த மாதிரி காலிக் கூடாரம் போட்டு எடம் புடிக்கிற திருட்டுப் பசங்களைக் கண்டா அவருக்கு ஆகாது’ன்னுச்சு. அரை மணி நேரம் அப்பா புராணம்தான் போ. பாப்பா ஒரே அழுகை. அப்புறம் கெளம்பிட்டாங்க. ஏன், என்ன ஆச்சு உனக்கு?"

வெண்டல் எங்கள் ட்ரக்கைப் பார்த்து நடந்தார். நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்க்கில் சிக்னல் கிடைத்தது. கெல்சி உடனே எடுத்தாள். வெண்டல் போனை என் கையில் திணிக்கப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அப்பா?" என்றாள். போன் சத்தமாகத்தான் கேட்டது. "சாரிப்பா. உங்களுக்கு எடம் புடிக்கலாம்னு நேத்தே போனேன். முடியல. எவனோ ஒருத்தன் ஆத்தோரம் ரெண்டையும் வளைச்சுப் போட்டுட்டு வீட்டுல படுத்துத் தூங்குறான். டேரின் ரெண்டையும் தூக்கி ஆத்துல போடுறேன்னான். நான்தான் விடல. எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருன்னேன். பாப்பா நனைஞ்சு, ராத்திரி முழுக்க ஜுரம். இங்க டவுன் மோட்டல்ல இருக்கோம். மத்தியானம் கூப்பிட்டுப் பாத்தேன், லைன் கெடைக்கல. காலைல வீட்டுக்குக் கெளம்புறோம். உங்களுக்காவது எடம் கெடைச்சுதா?"

வெண்டல் என்னைப் பார்த்தார். மேலே இன்னும் விசாலமாக இரண்டு இடம் காலியாக இருக்கிறது, ஒரு நண்பர் விட்டுக்கொடுத்தார் என்று சொல்லிவிடலாம். கூடாரங்களைக் கழற்றி ஒளித்துவிடலாம். இது அவ்வளவும் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து கிடையாது. பொய் சொல்லட்டும், ட்ரக்கை எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் போய்விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"கெல்சி," என்றார். "அந்தத் திருட்டுப் பய நான்தான்."

அந்தப் பக்கம் டிவி ஓடுவது மட்டும் கேட்டது.

"எட்டு உனக்குத்தான் போட்டேன். உனக்கும் பாப்பாவுக்கும்." குரல் உடைந்தது. "டேரின்கிட்ட குடு. அவன்கிட்ட பேசணும்."

"போன்ல வேணாம்," என்றாள் கெல்சி. அழுகிறாளா, கோபப்படுகிறாளா, தெரியவில்லை. "நேர்ல வந்து சொல்லுங்க."

"வர்றேன், வர்றேன். மேல போயி எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டு வந்துடறேன். அடுப்பு, நல்ல கூடாரம், எல்லாம் அப்படியே கெடக்கு…"

"அப்பா, மேல போனீங்கன்னா கதவைத் தெறக்க மாட்டேன். இப்ப வாங்க. அப்படியே வாங்க."

வெண்டல் மலையை ஒரு தரம் பார்த்தார். டைட்டானியம் கரண்டி உட்பட அவருடைய சொத்து முழுக்க மேலேதான். வண்டியை டவுன் பக்கம் திருப்பினார்.

மோட்டல் கதவை டேரின்தான் திறந்தான். அத்தனை விறகும் வீண். ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. வெண்டல் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கம்பளத்தைப் பார்த்தபடி நின்றார். "சரி, உள்ள வாங்க, குளிருது," என்றான் டேரின். ஹேஸல் தாத்தாவைக் கண்டதும் வீல் என்று கத்தினாள். மறுநாள் மத்தியானம்தான் அவர் மடியில் ஏறினாள். விடுமுறை முழுக்க, வெந்நீர் வருகிற குழாயோடு, ஹீட்டரோடு, பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம். அங்கே ஒரு லிஃப்டும் இருந்தது. வெண்டல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்த பிறகு சாமான்களை எடுக்க மலையேறினோம். முகாமில் கூட்டமெல்லாம் போய்விட்டிருந்தது. ஏழிலும் எட்டிலும் எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. விறகு அடுக்கியபடி, கெட்டில் வைத்தபடி. அத்தனை நெரிசலான விடுமுறையில், ஆற்றோரத்து நல்ல இடம் இரண்டிலும் ஒருவர்கூடக் காலை வைக்கவில்லை.

ஆர்லோ தூண்டிலோடு ஓடி வந்தார். "ஒருத்தனையும் கிட்ட விடலையே!" என்றார். முகமெல்லாம் பெருமை. "எத்தனை வண்டி வந்துச்சு தெரியுமா? கைக்குழந்தைக்காரி ஒருத்தி கெஞ்சினா பாரு, ரோட்டோரம் கார்லதான் படுத்துக் கெடந்தா. ஆள் இருக்கு, வந்துடுவாருன்னு சொல்லிட்டேன்."

ஆர்லோ பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வெண்டல் மண்ணில் மண்டியிட்டு, கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். கடைசி முளை வரைக்கும் நிமிர்ந்து அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவில்லை.