சுட்டி தண்ணீர் குடிக்கவில்லை

இருளப்பனின் பசு சுட்டியின் வயிற்றுக்குள் ஒரு கருவி இருந்தது. விரல் நீள மருந்துக் குளிசை போன்ற அதை, குண்டசாலைப் பால் சங்கத்து நிரோஷா மூன்று மாதங்களுக்கு முன் வந்து விழுங்க வைத்திருந்தாள். சுட்டியின் உடல்சூடு, அது எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறது என்பதெல்லாம் அவளுடைய ஃபோனில் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் காலை நிரோஷா ஹேவாஹெட்டவில் இருந்த இருளப்பனுக்கு ஃபோன் செய்தாள்.

“அண்ணே, சுட்டி ரெண்டு நாளா தண்ணியே குடிக்கலன்னு காட்டுது.”

இருளப்பன் தொழுவத்தை எட்டிப் பார்த்தான். “பால் குறையலையே மிஸ். புல்லும் நல்லா திங்கிறா.”

தண்ணீர் காட்டுவது மனைவி ரத்தினம்மாவின் வேலை. அவள் தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். அவனே வாளியைக் கொண்டுபோய் வைத்தான். சுட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. “ஒரு வாய் குடிடி தங்கம்” என்று கெஞ்சிப் பார்த்தான். பலிக்கவில்லை.

மதியம் நனைந்தபடி நிரோஷா வந்து சேர்ந்தாள். சுட்டியின் மூக்கைத் தொட்டாள், ஈரம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள், சட்டென்று படிந்தது. தண்ணீர் குடிக்காத மாட்டுக்கு இப்படி இருக்காதே என்று குழம்பினாள்.

சாப்பாட்டுக்கு வந்த ரத்தினம்மா வாளியைப் பார்த்தாள்.

“பச்சத் தண்ணியா வச்சீங்க? அவ எப்புடிக் குடிப்பா?”

கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுத்து வந்து வாளியில் கலந்தாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். சுட்டி ஒரே மூச்சில் வாளியைக் காலி செய்தது. ஃபோனிலோ ஒரு மாற்றமும் இல்லை.

நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, குளிர்ந்த தண்ணி உள்ள போயி சூடு குறைஞ்சாத்தான் அந்தக் குளிசைக்குத் தெரியும். எத்தன நாளா இப்புடி?”

“மழை தொடங்குனதுல இருந்து. நடுங்கிக்கிட்டு நின்னா, மனசு கேக்கல. இவருகிட்ட சொன்னா கேலி பண்ணுவாரு.”

இருளப்பன் கேலி செய்யவில்லை. “இருவது வருசத்துல எனக்கு ஒரு நாள் குளிக்கச் சுடுதண்ணி வச்சியா?”

“நீங்க கேட்டீங்களா?”

“அவ மட்டும் கேட்டாளா?”

சுட்டியின் பதிவில் ‘மழைக்காலத்தில் வெந்நீர்தான் குடிக்கும்’ என்று நிரோஷா எழுதிக்கொண்டாள். சோறு சாப்பிட்டுப் போகும்படி ரத்தினம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மறுநாள் விடியற்காலையில் ரத்தினம்மா எழுந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் இருளப்பன் குந்தியிருந்தான்.

“மலைக்குப் போற நேரத்துல நீ ஏன் கஷ்டப்படுற? சுட்டிக்கு இனிமே நானே சுடுதண்ணி வைக்கிறேன்.”