ஐந்திலிருந்து ஒன்பதுக்கு ஒரு கம்பி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் யோசித்த கதையல்ல. துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி வாய் தவறிச் சொன்னது. சொன்ன கையோடு, "இத எழுதித் தொலைச்சிடாதடி" என்றாள். எழுதுகிறவளிடம் அப்படிச் சொன்னால் எழுது என்றுதானே அர்த்தம்?

தொடக்கம் அ: [கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அவளுடைய தனிமை மெல்ல—] வேண்டாம். அண்ணிக்கு அலுவலகத்தில் தனிமையே கிடையாது. பக்கத்து மேசைக்காரர் நாள் முழுக்க விசிலடிப்பார்.

தொடக்கம் ஆ: [மனிதனா, இயந்திரமா என்ற ஆதிக்கேள்வி—] தூ.

தொடக்கம் இ: அண்ணி ஒரு தப்பு செய்திருந்தாள்.

இது போதும்.

2

ஒரு பொத்தான் தொழிற்சாலை. பட்டையில் ஓடிவரும் பொத்தான்களில் உடைந்தது எது என்று கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருப்பது நியூரல் நெட்வொர்க் என்ற கணினி மூளை. அதற்கு எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு எதோடு பேச வேண்டும் என்று வரைவதுதான் அண்ணியின் வேலை.*

மூன்று வருடத்துக்கு முன் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஆறாம் அடுக்குக்கு ஓர் இணைப்பு, அவர்கள் பேச்சில் ஒரு கம்பி, கொடுக்கப் போய், எண் பலகையில் விரல் ஒரு கட்டை மேலே நழுவி ஒன்பது என்று அடித்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். அதற்குள் அது தொழிற்சாலையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை நிறுத்துவானேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

(* இதை எனக்கு அண்ணி நான்கு முறை விளக்கினாள். நான்காவது முறை புரிந்ததாகத் தலையாட்டினேன். நீங்களும் ஆட்டிவிடுங்கள்.)

3

போன மாதம் அவளுடைய மேலாளர் புதிதாக ஒரு மாடலைக் கொண்டுவந்தார். அவரை அலுவலகத்தில் எல்லோரும் தாடி என்பார்கள். பழைய நெட்வொர்க் வடிவங்களைப் படித்துவிட்டு, தானே புது வடிவங்களைப் பெற்றுப்போடும் மாடல் அது. படிக்க அதற்குக் கொடுத்ததில் முக்கால்வாசி அண்ணி வரைந்தவை, அந்தத் தப்பு வடிவத்தையே நகலெடுத்து நீட்டியவை. ஒரே காலையில் அறுநூறு வடிவம் பெற்றது. அதில் முதலிடம் பிடித்ததைத் தாடி திரையில் போட்டார்.

"இங்க பாருங்க! அஞ்சுலேருந்து நேரா ஒன்பதுக்கு ஒரு கம்பி. மனுஷ மூளைக்கு இது தோணுமா?"

"தோணவே தோணாது சார்" என்றார் விசில்காரர்.

அண்ணி திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தாள். தாயைப் போல பிள்ளை. அறுநூற்றில் ஐநூற்றுச் சொச்சத்துக்கு அதே கம்பி, குடும்ப மூக்கு மாதிரி.

அன்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் முதலிடத்து வடிவத்திலிருந்து அந்தக் கம்பியை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் எழுபத்தொன்றாக விழுந்தது.

"அப்போ அது தப்பே இல்லையே அண்ணி?"

"நான் தப்பாத்தானேடி போட்டேன்!"

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். [ஒருவேளை நாம் தப்பு என்று ஒளித்துவைப்பவைதான் நம்மிடமிருந்து—] இந்த வாக்கியத்தை முடித்தால் தத்துவமாகிவிடும். அண்ணிக்குப் பிடிக்காது.

4

தாடியை வில்லனாக்கியிருந்தேன். கோணல் சிரிப்பு, விரலைச் சொடுக்கும் பழக்கம் எல்லாம் கொடுத்திருந்தேன். அண்ணி படித்துவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "பாவம்டி, நல்ல மனுஷன். மழை பெஞ்சா குடையக் குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போவாரு."

நல்ல மனிதர்தான். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு அவர் கூட்டம் வைத்திருக்கிறார். வடிவம் வரைய இனி ஆள் தேவையா என்று அங்கே முடிவாகும். அந்த வேலையில் இருப்பது ஒரே ஆள்.

வாயைத் திறக்காவிட்டால், கம்பி மாடலின் சொந்த யோசனை என்றாகி வேலை போகும். திறந்தால் மூன்று வருடமாக ஒரு தப்பை மறைத்தவள் என்று பேர் வரும்.

5

முடிவு அ: எழுந்து உண்மையைச் சொல்கிறாள். அறையே கைதட்டுகிறது.

"எங்க ஆபீஸ்ல பிறந்தநாளுக்கே யாரும் கைதட்ட மாட்டாங்க" என்றாள் அண்ணி.

முடிவு ஆ: அந்தக் கம்பியை யோசித்தேதான் போட்டேன் என்று சாதிக்கிறாள்.

"ஏன்னு கேட்டா? நீ வந்து சொல்லுவியா?"

முடிவு இ: பேசாமல் வேறு வேலை தேடிக்கொள்கிறாள். இதைக் கேட்டதும் அண்ணி கையிலிருந்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

பிறகு கேட்டாள்: "நீயா இருந்தா என்னடி செய்வே?"

முப்பது வருடமாக அடுத்தவர் மனதுக்குள் புகுந்து எழுதுகிறேன் என்று பெருமையடித்துக்கொள்கிறவள் நான். "காபி போடட்டுமா?" என்றேன்.

இப்போது உள்ளறையில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். "சார், அந்தக் கம்பி வந்து..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி தொண்டையைச் செருமுகிறாள். "சார், அந்தக் கம்பி..."

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். நான் இடம் விட்டிருக்கிறேன்:

"சார், அந்தக் கம்பி ................................"

ஒரு வரிக்கு மேல் வேண்டாம், அவளுக்கு மனப்பாடம் வராது. நாளை காலை ஒன்பதேகால் பஸ்ஸுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.