ஊதிக் காட்டிய மூச்சு

கடல் வெளுக்கும் முன்பே முத்துக்கனி துடைப்பமும் தட்டுமாக நிலக்கரிக் களத்தில் நின்றாள். துறைமுகத்திலிருந்து வந்த லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் தூக்கிக் கொட்டின. கொட்டும்போதெல்லாம் கரித்தூள் எழுந்து, காற்றில் சுழன்று, மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டுக்குள் புகுந்தது. சிதறியதைக் கூட்டி அள்ளிக் குவியலில் எறிய வேண்டும். துப்பினால் எச்சில் கறுப்பாக விழுந்தது. தூசி அடங்கத் தண்ணீர் அடிக்கும் குழாய் வேலியோரம் துருப்பிடித்துக் கிடந்தது.

ஏழு மணிக்கு மேலாளர் சத்தியராஜ் செல்போனைப் பார்த்து ஒன்பது பெயர் வாசித்தான். முதல் பெயர் லிங்கராஜ்.

"நீங்கள்லாம் நாளையிலருந்து வர வேண்டாம். உடம்பு வேலைக்குத் தகுதியில்லன்னு வந்திருக்கு."

"யார் சொன்னா?" என்றான் லிங்கராஜ். அந்த இரண்டு வார்த்தைக்கே இருமல் வந்தது.

"மாசாமாசம் ஊதுனேல்லா? அது சொல்லுது. செவப்பு காட்டுது."

லிங்கராஜ் சத்தியராஜைப் பார்க்கவில்லை. முத்துக்கனியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் ஜெபசுதா களத்துக்கு டேப் கணினியும் நுரையீரலைச் சோதிக்கும் ஊதுகுழாயுமாக வந்தாள். கம்பெனி வைத்த நர்ஸ். அதைவிட, முத்துக்கனியின் பக்கத்துத் தெருக்காரி. முத்துக்கனி மகளின் பிரசவத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவள். "சென்னையில இருக்க டாக்டர் மட்டுந்தான்க்கா இதப் பாப்பாரு. நோய் இருந்தா முன்னாடியே வைத்தியம் பாத்துரலாம்" என்றாள். லிங்கராஜ் மறுத்தபோது முத்துக்கனிதான் பேசினாள். "நம்ம ஜெபசுதா சொல்லுதா. சும்மா ஊதுங்க கொழுந்தனாரே." அவள் சொல்லுக்கு நாற்பத்து மூன்று பேரும் ஊதினார்கள். போனில் வந்த எண்ணை வாசித்துச் சொன்னார்கள்.

முத்துக்கனி துடைப்பத்தைப் போட்டுவிட்டு, மருத்துவ அறையாக மாற்றிய கண்டெய்னருக்குள் நுழைந்தாள். ஜெபசுதா எழுந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமாளா?"

ஜெபசுதா தரையைப் பார்த்தாள். "மொதல்ல தெரியாதுக்கா. ரெண்டாம் மாசம் தெரிஞ்சுது. டாக்டருக்குப் போறதெல்லாம் ஆபீஸுக்கும் போகுது."

"தெரிஞ்ச பொறவும் மூணாம் மாசம் ஊத வச்சியா?"

"வேலை போயிரும்னு பயந்தேன்."

"ஒன்பது பேருக்குப் போயிட்டே!"

ஜெபசுதா டேப்பைத் திறந்தாள். "ஒன்பது பேர் மட்டும் இல்லக்கா. இருபத்தாறு பேருக்கு நுரையீரல் கொறைஞ்சுட்டு வருது. உங்களுக்கும்; இன்னும் செவப்புக்கு வரல, அவ்வளவுதான். தண்ணி அடிங்க, தூசிய அடக்குங்கன்னு டாக்டர் எழுதுனாரு. நானும் எழுதுனேன். அவங்க தண்ணி அடிக்கல. ஆள மாத்துறாங்க."

முத்துக்கனிக்கு அழுகை வரவில்லை. பிரசவ வார்டில் தன் மகளின் தலையைத் தடவிய அதே கை, இந்த மூன்று மாதமும் குழாயை நீட்டியதை நினைத்தாள். மன்னிக்க மனம் வரவில்லை.

"இங்க என்ட்ட சொன்னத வெளிய வந்து சொல்லு" என்றாள்.

 ஜெபசுதா டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலை நின்றிருந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, அவரவர் மூச்சுக் கணக்கை அவரவருக்கே திறந்து காட்டினாள். ஆட்கள் தங்கள் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சத்தியராஜ் ஓடிவந்தான். "ஏய், அது கம்பெனி ரகசியம்! மூடு!"

"என் மூச்சு சார்" என்றான் லிங்கராஜ். "அது எப்படி ஒங்க ரகசியம்?"

"போன்ல வந்த ஓ.டி.பி.ய நீதானலே சொன்ன? அதுதான் சம்மதம்."

"வைத்தியத்துக்குச் சம்மதிச்சோம். வெளிய தள்ளவா சம்மதிச்சோம்?"

சத்தியராஜ் குரலைத் தாழ்த்தினான். "பச்சை வந்தவங்க வேலைக்குப் போங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

யாரும் அசையவில்லை. பச்சை வந்த முத்துக்கனி, லிங்கராஜின் பக்கத்தில் போய் நின்றாள். "கொழுந்தனாரே, ஒங்கள ஊதச் சொன்னவ நான்தான். ஒங்கள விட்டுட்டு வேலைக்குப் போக மாட்டேன்." லிங்கராஜ் நகர்ந்து இடம்விட்டான். மிச்ச முப்பத்து நாலு பேரும் அந்த ஒன்பது பேரோடு வாசலுக்கு வெளியே வந்தார்கள். ஒன்பது பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும், தண்ணீர் அடிக்க வேண்டும் என்று முத்துக்கனி சொல்லச் சொல்ல, ஒருத்தி தாளில் எழுதினாள். எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்வதென்று முடிவானது. ஜெபசுதா ஓரமாக நின்றாள்.

"நெஞ்சு ஆறலளா" என்றாள் முத்துக்கனி. "ஆனா அங்க டாக்டர்ட்ட இதெல்லாம் வெவரமாச் சொல்ல நீ வேணும். முன்னால வா."

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே மாப்பிள்ளையூரணியிலிருந்து புதிதாக வேலைக்கு அழைத்துவரப்பட்ட பெண்கள். "நிக்காம உள்ள வாங்க!" என்று சத்தியராஜ் கத்தினான்.

முன்சீட்டில் இருந்த சுடலைச்செல்வி என்ற பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, எல்லாரும் வெளிய நிக்கிய?"

முத்துக்கனி நடந்ததைச் சொன்னாள். சுடலைச்செல்வியின் முகம் மாறியது.

"எங்களயும் நேத்து ஒரு குழாயில ஊதச் சொன்னாங்களே" என்றவள், கதவைத் திறந்து கீழே இறங்கினாள். பின்னால் திரும்பி, வேனுக்குள் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் எறங்குங்களா."