இன்னும் காயாத 4108

என் வீட்டு மாடியறைச் சுவரில் முந்நூற்றுப் பன்னிரண்டு நம்பர் பிளேட்டுகள் தொங்குகின்றன. பழைய ஹெட்லைட் வளையங்களும் கார் மூக்கில் வைக்கும் சின்னங்களும் தனி அலமாரியில். "உங்க பிணவறையில லைட்ட அணைச்சீங்களா?" என்றுதான் என் மனைவி கேட்பாள். அங்கே தூசி தட்டக்கூட அவளை விடமாட்டேன். துருவோ நசுங்கலோ, வந்தது வந்தபடி இருக்க வேண்டும் என்பது என் கட்டளை. புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய ஒருவன் பழைய பிளேட்டுக்குப் பெயின்ட் அடித்து எடுத்து வந்தபோது, "இதுக்கு நீ புதுசே செஞ்சிருக்கலாமே" என்று கேட்டு அவனை முகம் தொங்க அனுப்பியவன் நான்.

இவ்வளவு இருந்தும் நான் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். 4108. அப்பாவுடைய டிரைவிங் ஸ்கூல் காரின் எண். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றார்கள். மீதிப் பேர் அதைக் கண்டாலே ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். அப்பா இறந்த மறுமாதமே அதை விற்றவன் நான். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. பத்தொன்பது வருடமாக நல்லது கெட்டதுக்கு வருவாள், சாப்பிடுவாள், அண்ணியோடு சிரித்துப் பேசுவாள். மாடிப்படி மட்டும் ஏறியதே இல்லை.

போன மாதம் பழைய இரும்புக்கடை ஒன்றில், தண்ணீர்த் தொட்டியின் உடைசலை அடைத்திருந்த தகரம் கண்ணில் பட்டது. அழுக்குக்குள் ஒரு 4 தெரிந்தது. அதன் கால் இடப்பக்கமாக வளைந்திருந்தது. உலகத்தில் அப்பா ஒருவர்தான் நாலை அப்படி எழுதுவார். பிடித்த பொருளைப் பார்த்தால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சேகரிப்பவர்களின் பால பாடம். நானோ அங்கேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் விவரமானவர். என் காரிலிருந்த பழைய பித்தளை ஹாரனைக் கேட்டார். அங்கேயே கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. யார் யாருடைய துருவையோ கொண்டாடுகிறவனுக்கு அப்பாவின் துருவைப் பார்க்க முடியவில்லை. உப்புத்தாளால் தேய்த்தேன். பூஜ்யத்தின் மேல் ஒரு சின்னக் குழி இருந்தது. துரு அரித்தது என்று நினைத்து அதை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கறுப்படித்து, பழைய போட்டோவைப் பார்த்து, வளைந்த நாலு உட்பட வெள்ளையில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை கடைசிப் பூச்சு முடிந்ததும் தங்கையை வரச் சொன்னேன்.

"ஒரு நிமிஷம் மாடிக்கு வா. உனக்காகத்தான்."

வந்தாள். ஏறினாள். செய்தித்தாள் மேல் கிடந்த பிளேட்டைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. கீழே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூஜ்யத்தையே தேடினாள்.

"எங்கண்ணே அது?"

"எது?"

"என் விரலு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"நாலு வயசுல ஈரப் பெயின்ட்ல விரலை வெச்சு அழுத்திட்டேன். அப்பா அடிக்கக் கையை ஓங்கிட்டு, 'தொடைச்சுக்கோ, காஞ்சதும் அழிச்சிடறேன்'னாரு. அப்புறம் வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பாரு, அந்த எடத்தை மட்டும் விட்டுட்டுச் சுத்தி அடிப்பாரு. கேட்டா, 'இன்னும் காயலம்மா'ம்பாரு. என் கல்யாணத்தன்னிக்குக் கூட அதான் சொன்னாரு. எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தாண்ணே தெரியும்."

முதல் முறை காரோடு அவள் அப்பாவை விற்றேன். இந்த முறை என் கையாலேயே தேய்த்துத் தள்ளிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது காஞ்சிருச்சா?"

"இல்ல. இப்பத்தான் அடிச்சேன்."

ஆள்காட்டி விரலைப் பூஜ்யத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்தினாள். எடுத்தபோது பதிந்திருந்தது நாற்பத்தெட்டு வயது விரல். வெள்ளை ஒட்டிய கையை நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

"தொடைச்சுக்கோ," என்றேன். "காஞ்சதும் அழிச்சிடறேன்."