கோட்டுக்காரனுக்குத் திறந்து வைத்த சன்னல்

பூட்டை உடைத்து வந்தவன் கைக்கடிகாரத்தையும் இஸ்திரிப் பெட்டியையும் அவளுடைய பழைய பட்டன் போனையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான். மற்றதெல்லாம் போய்த் தொலையட்டும். அந்தப் போனில் செத்துப்போன அம்மாவின் குரல் பதிவாகியிருந்தது, வேறெங்கும் இல்லை.

"போலீசுக்குப் போகலாம்" என்றாள்.

"அவசரப்படாத" என்றான் கணவன்.

கணவன் கதை எழுதுகிறவன். கோட்டுக்காரன் என்றொரு திருடனை வைத்து வருஷக்கணக்காகப் பிழைப்பை ஓட்டுகிறவன். கோட்டுக்காரன் பணக்காரர்களிடம் மட்டும் திருடுவான். பெண்களைக் கண்டால் தலை வணங்குவான். யாராவது உயிராக வைத்திருக்கும் பொருள் தவறிப்போய்க் கையில் வந்துவிட்டால், சன்னல் வழியாக வந்து திருப்பி வைத்துவிட்டுப் போவான். வாசகர்கள் உருகிப் போவார்கள். கணவன் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது அவள்தான்.

நிஜத்தில் வந்தவன் சமையலறைத் தரையில் பாலைக் கொட்டி, அதன்மேல் சிறுநீரும் கழித்துவிட்டுப் போயிருந்தான். முட்டி போட்டுத் துடைத்ததும் அவள்தான். கோட்டுக்காரன் கதை எதிலும் துடைக்கிற ஆள் வருவதே இல்லை.

"என் புக் அலமாரிய அவன் தொடவே இல்ல, கவனிச்சியா? படிக்கிற பயதான். போன்ல உங்கம்மா குரல் இருக்குன்னு தெரிஞ்சா திருப்பிக் கொண்டாந்து வச்சிடுவான். போலீஸ்னு போனா பயந்து எங்கயாவது வீசிடுவான்."

"வித்தா காசு வராதுன்னு விட்டிருப்பான்."

அது அவனுக்கு உறைக்கவில்லை. பத்திரிகைக்காரனை வரவழைத்து, 'திருடர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து ஒரு வேண்டுகோள் விட்டான். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு நாளும் கிடைக்காத மரியாதை. பிறகு சமையலறைச் சன்னலின் கொக்கியை எடுத்துவிட்டு, யாரும் அதைத் தொடக்கூடாது என்றான். அவளும் கொக்கியைப் போடவில்லை. ஒருவேளை வந்துவிட்டால் என்ற நப்பாசை அவளையும் பிடித்துக்கொண்டது. அதற்காகத் தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

வந்தான். கணவனுக்கு எங்கோ பொன்னாடை போர்த்திய ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரம், திறந்த சன்னல் வழியாக நுழைந்து, மிக்சி, கேஸ் சிலிண்டர், குழாயின் பித்தளைத் திருகு வரைக்கும் கழற்றிக்கொண்டு வாசல் வழியாக ராஜநடை போட்டுப் போய்விட்டான். அலமாரியை இந்தத் தடவையும் தொடவில்லை.

அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். ஆள் சீக்கிரமே மாட்டிக்கொண்டான். ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"திருட்டுப் போன அன்னைக்கே வந்திருந்தா போன் முழுசா கெடச்சிருக்கும்மா. போன வாரம் வரைக்கும் கடையில சும்மாதான் கெடந்திருக்கு. அப்புறம்தான் எல்லாத்தையும் அழிச்சு வித்திருக்காங்க."

வீட்டில் கணவன் உற்சாகமாக இருந்தான். புதுக் கதை கிடைத்துவிட்டதாம்.

"டைப் அடி. கோட்டுக்காரன் அந்தப் போனைப் பட்டுத்துணியில் சுற்றி, அவள் தலையணை அருகே வைத்தான்."

அடித்தாள். பழக்கதோஷம்.

"அவள் விம்மினாள். ஆமா, உங்கம்மா அதுல என்னதான் பேசியிருந்தாங்க? கொஞ்சம் சொல்லேன், ப்ளீஸ். அந்த ஒரு வரி நிஜமா இருந்தா கதை எங்கயோ போயிடும்."

அம்மா பேசியது கொஞ்சம்தான். 'எத்தன தடவடி கூப்பிடுறது? எங்க போய்த் தொலஞ்ச? சாப்பிட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு.' அதற்கப்புறம், போனை வைக்கத் தெரியாமல், கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும்.

கணவன் முகவாயில் விரல் வைத்து, தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையும் அவன் இவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை.

"மறந்து போச்சு" என்றாள்.

"யோசிச்சுப் பாரு."

அவள் எழுந்து போய்ச் சமையலறைச் சன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"அவன் எடுத்துட்டுப் போனதே போதும். மிச்சம் என்கிட்டயே இருக்கட்டும். இனிமே நீங்களே அடிச்சுக்குங்க."